பாட்டுப் புத்தகமும் பாடிய குரலும்

தமிழ்த் திரையிசையின் தொடக்கத்தை ஆராய்வோர் சென்னையோடு நின்றுவிடல் இயலாது. 1929இல் கோல்ஹாப்பூரில் தோன்றி, 1933இல் புனேக்கு இடம்பெயர்ந்த பிரபாத் நிறுவனத்தின் தமிழ்ப் படம் 'சீதா கல்யாணம்' (1934). மராத்தியரான பாபுராவ் பெண்டார்க்கர் இயக்கிய இப்படத்தின் வழியாகவே பாபநாசம் சிவன் திரையுலகில் நுழைந்தார். இராமனாக எஸ். ராஜமும் சீதையாக அவர்தம் சகோதரி ஜெயலட்சுமியும் நடித்தனர். பின்னாளில் வீணைக் கலைஞராகப் புகழ்பெற்ற தம்பி பாலசந்தரும் சிறுவனாகத் தோன்றினார்.

இத்தகைய பழம் படங்களின் பாடல்களைத் தேடுவோர்க்குப் பெரும்பாலும் கிட்டுவது கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகமே. சொல்லுக்கு அது சான்றாகும், ஒலிக்கு ஆகாது. தமிழில் குறில், நெடில் வேறுபாடு பொருளை மாற்றவல்லது. 'பல்' வேறு, 'பால்' வேறு. பாட்டிலோ குறிலும் நீளும். பாடகர் எங்கே நீட்டினார், எங்கே சொல்லைப் பிரித்தார், ழகரத்தை எவ்வாறு ஒலித்தார் என்பவற்றை அச்சு காட்டாது.

சொல்லையும் மெட்டையும் தாமே அமைக்கவல்ல சிவன் போன்றோர்க்கு இவ்விடர் குறைவு. பிற்காலத்தில் இந்தி மெட்டுக்குத் தமிழ்ச் சொல் பொருத்தியோர் நிலை வேறு. அடியிறுதியில் நீண்ட சுரம் வருமிடத்து -ஆன், -ஆள், -ஏன் என முடியும் வினைமுற்றுகள் அவர்களுக்குக் கைகொடுத்தன. (வினை இறுதியில் நிற்கும் மொழியின் வசதி இது!) இப்பொருத்தத்தைக் கேளாமல் அச்சுப்படியை மட்டும் கொண்டு மொழிபெயர்ப்போர், மெட்டு வேண்டி நின்ற சொல்லைக் கவிஞரின் விருப்பத் தேர்வாகக் கொள்ள நேரும்.

தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் அமைந்தது 1964இல்தான். தமிழ் பேசும்படத்திற்கு அப்போது வயது 33. நைட்ரேட்டுப் படச்சுருள்கள் பல அதற்குள் அழிந்திருந்தன. எஞ்சிய குரல்களுட் பல, தனியார் சேகரித்த அரக்கு இசைத்தட்டுகளிலேயே உள்ளன.