லாரிக் கூரையில் ஒரு ஓட்டை

போன ஐப்பசி மழையில் என் மகனுடைய காரில், கூரைக் கண்ணாடி வழியாகத் தண்ணீர் இறங்கி சீட்டெல்லாம் நனைந்துவிட்டது. சன்ரூஃப் என்கிறார்களே, அதுதான். முழுசாக மாற்றவேண்டும் என்று பட்டறையில் பெரிய தொகை சொன்னார்கள். நான் கண்ணாடியைத் திறக்கச் சொல்லி, மூலையில் இருந்த சின்னத் துவாரத்துக்குள் மெல்லிய நைலான் நரம்பை விட்டுக் குடைந்தேன். வேப்பஞ்சருகு வந்தது. கசிகிற தண்ணீரைச் சுற்றிலும் உள்ள வாய்க்கால் வாங்கிக் குழாய் வழியாகக் கீழே விடும். குழாய் அடைத்தால் நம் மடியில் விடும். அவ்வளவுதான் விஷயம்.

"இதெல்லாம் எங்கப்பா கத்துக்கிட்டீங்க?" என்றான்.

சங்ககிரியில் எங்கள் வீட்டு வாசலில், 1961இல்.

அப்பாவிடம் அப்போது ஒரு டிஸ்போசல் லாரி இருந்தது. இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் ஃபோர்டு, செவர்லே கம்பெனிகள் ஒரே மாதிரி அமைப்பில் 4 லட்சத்துக்கும் மேல் செய்த பட்டாள லாரிகளில் ஒன்று. சப்பை மூக்கு. முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னால் சாய்ந்திருக்கும்; வெயில் பட்டு மின்னினால் மேலே பறக்கும் எதிரி விமானத்துக்குத் தெரிந்துவிடுமாம், அதற்காக. கிளீனர் உட்காரும் பக்கம் கூரையில் வட்டமாக ஒரு திறப்பு. சிப்பாய் தலையை நீட்டி விமானம் வருகிறதா என்று பார்ப்பதற்கு. ஜெர்மனியில் 1930களிலேயே வெபாஸ்டோ கம்பெனி கார்களுக்கு மடக்குத் துணிக்கூரை செய்தது, காற்று வாங்க. எங்கள் லாரிக்கு வந்தது உயிர் பயத்தில் வைத்த ஓட்டை.

போர் முடிந்து அந்த வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. ஜாம்ஷெட்பூரில் டாடா‑பென்ஸ் லாரி வெளிவந்தது 1954இல்தான். அதற்குப் பின்னும் கையில் காசு குறைந்தவர்களுக்குப் பட்டாள லாரிதான் கதி. இன்ஜின் பாதி கேபினுக்குள்ளேயே இருக்கும். சித்திரை மாசத்தில் அதில் உட்கார்ந்தவருக்குத்தான் அந்தச் சூடு தெரியும்!

எங்கள் வண்டியில் திறப்பின் மூடி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. மழை வந்தால் கிளீனர் பையன் சாக்கைப் போர்த்திக்கொண்டு வருவான். ஒருநாள் சீட்டடியில் இருந்த பர்மிட் நனைந்துபோனது. அப்பாவுக்குக் கோபம். தார் டிரம்மை வெட்டி, தகட்டை ஓட்டையின் மேல் வைத்து ரிவெட் அடித்து, விளிம்பில் தார் பூசினார்.

பையன் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "மழ வராதுங்க. மரமுந் தெரியாதுங்க."

அப்பா காதில் வாங்கவில்லை.

மூன்றாவது நடையிலேயே வினை வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் ஏற்றிய வைக்கோல். பாரம் உயரம். சாலை இருபுறமும் புளியமரம். அதுவரை பையன் அந்த ஓட்டையில் எழுந்து நின்று, கிளையைப் பார்த்து "வலது வாங்க, வலது வாங்க" என்று கத்திக்கொண்டே வருவான். அன்று கத்த ஆள் இல்லை. கிளை கயிற்றில் மாட்டி அறுத்து, பாதி வைக்கோல் ரோட்டில். ஆளுக்குச் சேதமில்லை, வாடகைதான் போயிற்று. அப்பா இறங்கி வந்து பையனை அறைந்தார். அவன் மேல் என்ன தப்பு?

இதை அப்பாவே வீட்டில் சொன்னார். அறைந்ததையும் சேர்த்துத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போய் உளியால் ரிவெட்டுகளை வெட்ட ஆரம்பித்தார். நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்தேன்.

தகட்டைத் தூக்கினால், தார் வெடித்த இடத்தில் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. தட்டையான ஒட்டு அந்தக் குலுங்கலுக்கு நிற்காது. இம்முறை ஓட்டையைச் சுற்றி 2 அங்குல உயரத்துக்கு வளையம் எழுப்பினார். மூடியின் விளிம்பு அதற்கு வெளியே இறங்கும்படி, பானைக்கு மூடி வைப்பதுபோல் மடித்தார். நடுவில் லாரி ட்யூபிலிருந்து நறுக்கிய ரப்பர். வீட்டுக் கதவுக் கீலை முன்பக்கமாகப் பொருத்தினார். பின்பக்கம் வைத்தால் ஓட்டத்தில் காற்று மூடியைத் தூக்கிவிடும்.

மன்னிப்பெல்லாம் அப்பா கேட்கிறவரில்லை. விடிந்ததும் பையனைக் கூப்பிட்டு, "ஏறி நின்னு பாருடா, இடுப்பு இடிக்குதா?" என்றார்.

இடித்தது. வளையத்தின் விளிம்பில் பழைய சைக்கிள் டயரைப் பிளந்து மாட்டினார்கள், இரண்டு பேருமாக.