குப்பைமேடு சொன்ன கதை

போன வாரம் எருக்குழியை அடிவரைக்கும் வெட்டி வண்டியில ஏத்தினோம். நாலு முழம் கீழே போனதும் மண்வெட்டியில் நறநறன்னு சத்தம். பார்த்தா நத்தை ஓடு. ஒண்ணு ரெண்டு இல்ல, கூடை கூடையா வந்தது. எங்க அப்பாயி காலத்துல போட்டது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில குதிரில் நெல் அடிதட்டும், தை அறுப்புக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கும். அந்த இடைவெளியை எங்க வீட்டுல நிரப்பினது வயல் நத்தையும் நண்டும்தான். இதை வெளியில சொல்லக் கூச்சப்படுவாங்க. குழி கூச்சப்படல.

இதைப் பார்த்ததும் எனக்கு டென்மார்க் ஞாபகம் வந்தது. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

அந்த நாட்டுக் கடலோரத்துல பெரிய பெரிய சிப்பி மேடுகள் இருக்கு. கடல் ஒதுக்கின சிப்பின்னு ரொம்ப நாள் நினைச்சாங்க. 1850 வாக்கில் மெயில்கோர்ங்கிற இடத்துல சாலை போட ஒரு மேட்டை வெட்டினப்போ, சிப்பிக்கு நடுவே சிக்கிமுக்கிக் கல் ஆயுதங்கள் வந்தன. வோர்சோ என்கிற தொல்லியல் அறிஞர், இது மனுஷன் தின்னு போட்டதுன்னு சொன்னார். கூடவே ஸ்டீன்ஸ்ட்ரூப்னு ஒரு விலங்கியல்காரர். மேட்டுல கிடைச்ச பறவை எலும்புகள்ல நீள எலும்போட நடுத்தண்டுதான் இருக்கு, முனைகளைக் காணோம். ஏன்? மனுஷர் என்ன செஞ்சார் தெரியுமா, நாய்களுக்கு எலும்பைப் போட்டுப் பார்த்தார். நாய் மிச்சம் வெச்சதும் மேட்டுல மிஞ்சினதும் ஒண்ணுபோலவே இருந்தது. ஆக அந்த ஜனங்க நாய் வளர்த்திருக்காங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி இது. அந்த மேடுகளுக்கு டேனிஷ் மொழியில் 'சமையல்கட்டுக் குப்பை'ன்னே பேர் வெச்சாங்க.

இதுல பேர்போனது எர்டபோல மேடு. சுமார் 140 மீட்டர் நீளம், 20 மீட்டர் வரை அகலம், கிட்டத்தட்ட ஆள் உயரம். 1890-களில் தோண்டினாங்க. கி.மு. 5400 முதல் 4000 வரை அந்தக் கரையில வாழ்ந்த வேட்டைக்காரர்களை அந்தப் பேராலேயே குறிக்கிறாங்க. சாதாரணமா அமிலத்தன்மை உள்ள மண்ணுல எலும்பு கரைஞ்சு போயிடும். சிப்பி ஓட்டுச் சுண்ணாம்பு அதைக் காப்பாத்தி வெச்சிருக்கு. வயலுக்குச் சுண்ணாம்பு போட்டவங்களுக்கு இது புரியும்.

அவ்வளவு ஓட்டைப் பார்த்துட்டு, சிப்பி மட்டுமே தின்னு வாழ்ந்தாங்கன்னு நினைச்சா தப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாள் வயிறு நிறைய சுமார் 700 சிப்பி வேணுமாம். ஒரு பெரிய சிவப்பு மானுக்கு ஈடா 52,000 சிப்பிக்கு மேல ஆகும்னு ஜெஃப் பெய்லி என்கிற ஆய்வாளர் கணக்குப் போட்டார். ஓடு அழியாது, கறி அழியும். அதனால குப்பைமேடு நம்மை ஏமாத்தும். ஓட்டிலுள்ள வளர்ச்சிக் கோடுகளை வெச்சுப் பார்த்தா, பெரும்பாலும் வசந்த காலத்துலதான் சிப்பி எடுத்திருக்காங்க. குளிர் முடிஞ்சு, மத்த தீனி குறைஞ்சிருக்கிற பருவம் அது. எங்க கார்த்திகை மாதிரின்னு வெச்சுக்கங்க.

முக்கியச் சாப்பாடு மீன், கடல்நாய், கடற்பன்றி, கூடவே மான், காட்டுப்பன்றி. கடலுக்குள்ள மூழ்கிப் போன டீப்ரின் விக் என்கிற குடியிருப்பை 1978-லேருந்து பத்து வருஷம் தண்ணிக்கடியில தோண்டினாங்க. லிண்டன் மரத்தைக் குடைஞ்ச ஓடம் கிடைச்சது, நீளம் ஒன்பதரை மீட்டர். ஓடத்துக்குள்ளேயே அடுப்பு எரிச்ச தடம். ராத்திரி வெளிச்சம் காட்டி விலாங்கு குத்தத்தான் அந்த நெருப்புன்னு பலர் நினைக்கிறாங்க. மீன் முள்ளு ஈட்டியும், தூண்டில்ல ஒட்டின நூல் துண்டும்கூட மிஞ்சியிருக்கு. துடுப்புல பூவேலை வேற! வயித்துப்பாட்டுக்கு அல்லாடினவங்க துடுப்புக்கு அலங்காரம் செய்வாங்களா?

இனிதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். தின்ன தீனி எலும்புல தங்கும். கடல் உணவுல கார்பன்-13 கொஞ்சம் கூடுதல். 1981-ல் ஹென்ரிக் டௌபர் பழைய டென்மார்க் எலும்புகளை அப்படி அளந்தார். வேட்டைக்காரங்க எலும்பு கிரீன்லாந்து எஸ்கிமோக்கள் அளவுக்குக் கடல் தீனியைக் காட்டுச்சு. கி.மு. 4000-ஐ ஒட்டி விவசாயம் வருது. அதுக்கப்புறம் வந்த எலும்புல கடலே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. கரை அங்கேயே இருக்கு, மீனும் இருக்கு. ஏன் விட்டாங்க? வந்தவங்க வேற ஜனங்களா? கடலோட உப்பு குறைஞ்சு சிப்பி அருகிப்போச்சா? சில மேடுகளோட மேலடுக்குல சிப்பி குறைஞ்சு மட்டிதான் அதிகம். சண்டை இன்னும் ஓயல.

எனக்குத் தோணுறதைச் சொல்றேன். உழுது விதைச்சவன், அறுப்பு வரைக்கும் வயலை விட்டு நகர முடியாது. விலாங்கு ஏறுற ராத்திரியில அவன் ஆட்டுக்கும் மாட்டுக்கும் காவல் இருக்கணும். ஆனாலும் நோர்ஸ்மின்ட போன மேடுகள்ல, விவசாயம் வந்த பிறகும் அதே மேட்டு மேல வந்து உக்காந்து மட்டி தின்னுட்டுப் போட்டிருக்காங்க. கொஞ்சமா, எப்பவாவது. பஞ்ச மாசத்துல வந்திருப்பாங்களோ? இல்ல, பாட்டி சமைச்ச ருசி ஞாபகத்துல வந்திருப்பாங்களோ?

எங்க குழியில நத்தை ஓட்டு அடுக்கு ஒரு இடத்துல சட்டுனு நிக்குது. நாங்க வயலுக்கு மருந்தடிக்க ஆரம்பிச்ச வருஷங்களா இருக்கும். அதுக்கு மேல முட்டை ஓடும் பால் பாக்கெட்டும்தான்.