பால் பம்ப், பால் போத்தல்: விலையைவிட அளவைப் பாருங்கள்

மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய்மார்களில் பலர், சில வாரங்களிலேயே தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்திவிடுகின்றனர். காரணம் கேட்டால் ‘பால் பத்தவில்லை’ என்பார்கள். வீட்டுப் பெரியவர்களும் அதையே சொல்லிப் பூண்டும் வெந்தயமும் சமைத்துப் போடுவார்கள். ஆனால், பால் குறைந்துவிட்டதாகத் தோன்றும் எல்லா நேரத்திலும் உடலில் பால் குறைந்திருப்பதில்லை. பம்பின் புனல் அளவு பொருந்தாமல் இருக்கலாம். தேய்ந்த வால்வு இழுவையை இழந்திருக்கலாம். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் தேவைக்கு அதிகமாகப் புகட்டியிருக்கலாம்.

மலேசியாவில் தனியார் துறை மகப்பேறு விடுப்பு 2023 ஜனவரி 1 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. அதாவது 14 வாரம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இடையில் நிற்பது ஏறக்குறைய 12 வாரம். பெரும்பாலான வேலைக்குப் போகும் தாய்மார்களுக்குப் பம்பும் போத்தலும் முக்கியமாகத் தேவைப்படுவது இந்த 12 வாரத்துக்குத்தான்.

ஆகவே, வளைகாப்புக்கு முன்பே விலை உயர்ந்த பம்பை வாங்கி வைக்க அவசரம் இல்லை. பிறந்த முதல் சில நாள்களில் வரும் சீம்பால் கெட்டியானது, அளவிலும் குறைவு. அதைக் கையால் பிழிந்து எடுப்பதே எளிது. குழந்தை குறைமாதத்தில் பிறந்தாலோ, சிறப்புப் பராமரிப்பு வார்டில் இருந்தாலோ நிலைமை வேறு. அப்போது முதல் நாளிலிருந்தே பால் எடுக்க வேண்டியிருக்கும். எப்படி எடுப்பது என்பதை வார்டு தாதியரிடம் உடனே கேட்டுக்கொள்வது நல்லது.

புனல் அளவு

மார்பில் பொருத்தும் புனலைக் கடைகளில் ‘ஃப்ளேன்ஜ்’ என்பார்கள். பம்ப் வாங்கும்போது மோட்டாரைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்பவர்கள் இதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. பல பம்புகளுடன் 24 அல்லது 28 மில்லிமீட்டர் புனல்தான் வருகிறது. அதைவிடச் சிறிய அளவு தேவைப்படும் பெண்கள் நிறைய பேர். காம்பின் அடிப்பகுதி விட்டத்தை மட்டும் அடிக்கோலால் அளக்க வேண்டும். சுற்றியுள்ள கருவட்டத்தைச் சேர்க்கக் கூடாது. அந்த அளவிலோ, ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாகவோ உள்ள புனலில் தொடங்கிப் பார்க்கலாம். புனலைச் சிறிதாக்கும் சிலிக்கன் வளையங்கள் தனியாகவும் கிடைக்கின்றன. இடது, வலது மார்புகளுக்கு அளவு வேறுபடுவதும் உண்டு. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களிலும் அளவு மாறும் என்பதால், பிள்ளை பிறந்த பிறகு அளப்பதே சரி.

புனல் பெரிதாக இருந்தால் கருவட்டம் உள்ளே இழுபட்டு வீங்கும். சிறிதாக இருந்தால் காம்பு ஓரத்தில் உரசி வெளுக்கும், புண்ணாகும். இரண்டிலும் வலி வரும், மார்பு முழுதும் காலியாகாது. வலி பால் இறங்குவதையே தடுக்கும். இழுவையைக் கூட்டினால் பால் கூடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் எதிர்விளைவுதான். வலியில்லாமல் தாங்கக்கூடிய இழுவையே சரியான இழுவை.

எந்த வகை பம்ப்?

எப்போதாவது வெளியே போகும் தாய்க்கு 100 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் கைப்பம்ப் போதும். முழுநேர வேலைக்குப் போகிறவர் சுமார் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியிருக்கும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்பம்ப் அவருக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். சட்டைக்குள் வைத்துக்கொள்ளும் பம்ப் வசதிதான், ஆனால் சிலருக்கு அதில் மார்பு முழுதும் காலியாவதில்லை. ஒரே பம்ப் வாங்கப் பணம் இருக்கும்போது அதை முதல் தேர்வாகக் கொள்ளாமல் இருப்பது நல்லது. பெட்டியில் இருக்கும் ‘ஹோஸ்பிட்டல் கிரேட்’ என்ற வாசகத்துக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அக்காவோ அண்ணியோ பயன்படுத்திய பம்ப் வீட்டில் இருக்கலாம். பாலும் காற்றும் மோட்டாருக்குள் போகாமல் தடுக்கும் சவ்வு அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போன பாலையும் பூஞ்சணத்தையும் எந்தக் கொதிநீராலும் சுத்தம் செய்ய முடியாது. சவ்வு இருந்தாலும், ஒருவர் பயன்பாட்டுக்கென்று தயாரான பம்பைப் பகிர வேண்டாம் என்றே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது.

வாத்து அலகு போன்ற அந்தச் சின்ன ரப்பர் வால்வையும் மறக்கக் கூடாது. தினமும் பயன்படுத்தினால் சில மாதங்களுக்குள் தளர்ந்துவிடும். நேற்று வரை வந்த பால் இந்த வாரம் பாதியானால், மனம் உடைவதற்கு முன் வால்வை மாற்றிப் பார்க்கலாம்.

நம் ஊர் வெயிலும் எடுத்த பாலும்

எடுத்த பால் வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்று பரவலாகச் சொல்லப்படுவது 25 டிகிரி செல்சியஸ் அறைக்கு. நம் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும். குளிரூட்டிய அலுவலகத்தில் சரி, காருக்குள் சரியாகாது. உறைந்த ஐஸ் பேக் வைத்த குளிர்ப்பையில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள், கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். உறைநிலையில் 6 மாதம். உருகிய பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்த மிச்சப் பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டிவிட வேண்டும். மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது.

பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது ஒன்று உண்டு. குளிர்ந்த தாய்ப்பாலில் கொழுப்பு மேலே பிரிந்து நிற்கும். சில தாய்மார்களின் பாலில் சோப்பு வாடையும் வரும். அது பாலிலுள்ள லைப்பேஸ் என்ற நொதியின் வேலை. கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டால், தாய் அரைநாள் உட்கார்ந்து எடுத்தது வீணாகும்.

போத்தல் சின்னதே போதும்

பிபிஏ கலந்த பால் போத்தல்களுக்கு மலேசியா 2012ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. எனவே ‘பிபிஏ இல்லை’ என்ற வாசகம் தனிச் சிறப்பு அல்ல. கண்ணாடி எளிதில் சுத்தமாகும், உடையவும் செய்யும். பிபிஎஸ்யு பிளாஸ்டிக் சூடு தாங்கும், விலை அதிகம். பிபி பிளாஸ்டிக் மலிவு. ஆனால், சூடான நீர் பட்டால் அதிலிருந்து நுண்பிளாஸ்டிக் துகள்கள் வெளியாவதை டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தனர். மாவுப்பால் கலக்குவோர், சூடான நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் கலந்து, ஆறிய பின் போத்தலில் ஊற்றலாம்.

ஒரு மாதத்திலிருந்து 6 மாதம் வரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லிலிட்டர் போதும். மாவுப்பாலைப் போல அளவு மாதாமாதம் ஏறிக்கொண்டே போகாது. ஒரு வேளைக்கு 90 முதல் 120 மில்லிலிட்டர்தான் பெரும்பாலும் தேவைப்படும். 240 மில்லிலிட்டர் போத்தல் வாங்கினால் அதை நிரப்பத் தோன்றும். 150 மில்லிலிட்டர் அளவில் மூன்று, நான்கு போத்தல்கள் போதும். முதலில் ஒரே வகையில் பெட்டி பெட்டியாக வாங்காமல், ஒன்று வாங்கிக் குழந்தை ஏற்கிறதா என்று பார்க்கலாம்.

நிப்பிளில் மெதுவாக வரும் வகையே வாங்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் ‘மெதுவானது’ இன்னொன்றின் வேகமானதாக இருக்கும், பொது அளவுகோல் இல்லை. குழந்தையை நிமிர்த்தி உட்கார்த்தி, போத்தலைப் படுக்கை வாட்டில் பிடித்து, இடையிடையே நிறுத்திக் கொடுக்க வேண்டும். படுக்க வைத்துக் கவிழ்த்தால் ஐந்து நிமிடத்தில் போத்தல் காலியாகும். பார்த்துக்கொள்பவர் இன்னொன்றை எடுப்பார், சேமித்த பால் தீரும், மாலையில் தாய்க்கு ‘பத்தவில்லை’ என்று செய்தி போகும்.

போத்தலைப் பழக்க, தாய்ப்பால் நன்கு ஊறத் தொடங்கும் மூன்று, நான்கு வாரம் வரை காத்திருப்பது நல்லது. அறவே மறுக்கும் பிள்ளைக்குச் சிறு கிண்ணத்திலோ, நம் பாட்டிமார் வைத்திருந்த சங்கிலோ பாலாடையிலோ கொடுக்கலாம்.

வேலையிடமும் வரியும்

பால் எடுக்கும் இடைவேளைக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. அதனால் விடுப்பு முடிவதற்கு முன்பே மேலாளரிடம் நேரத்தையும், கழிவறை அல்லாத ஓர் அறையையும் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம்.

வருமான வரி செலுத்தும் தாய்மார்கள், பம்ப், பால் சேமிப்புப் பாத்திரங்கள், குளிர்ப்பை ஆகியவற்றுக்கு 1,000 ரிங்கிட் வரை வரி விலக்கு கோரலாம். குழந்தைக்கு 2 வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஈராண்டுக்கு ஒருமுறைதான் கோர முடியும். இது தாய்க்கு மட்டுமே உரியது என்பதால், வாங்கும்போது ரசீதைத் தாயின் பெயரிலேயே கேட்டுப் பெறுவது நல்லது. அதை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடை ரசீதின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.