விலை இறங்கினாலும் செலவு இறங்குவதில்லை

லண்டனில் மென்பொருள் துறையில் பணிபுரியும் என் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்த பின் தமது திட்டத்தைச் சொன்னார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் பழைமையான போர்ஷே 911 ரக கார் ஒன்று அங்கே விற்பனைக்கு வந்திருக்கிறது. "புதிதில் 60,000 பவுண்ட் விலை கொண்ட கார், சார். இப்போது 15,000 பவுண்டுக்குத் தருகிறார்கள். இனிமேல் இறங்க என்ன இருக்கிறது? ஐந்து ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்றால் லாபமே வரும் என்கிறார்கள். வங்கியில் கடன் பெற்று வாங்கலாமா?" என்று கேட்டார்.

கேள்வி ஒரு காரைப் பற்றியதுதான். ஆனால், 'விலை குறைந்துவிட்டது. எனவே இது மலிவு' என்ற எண்ணம் படித்தவர்களையும் எளிதில் ஆட்கொள்கிறது. கடன் வாங்கி ஒரு பொருளை 'முதலீடு' என்று வீட்டுக்குக் கொண்டுவரும் முன், தேய்மானம் என்ற சொல்லின் பொருளை முழுமையாக அறிந்துகொள்வது நல்லது.

கணக்கியலில் தேய்மானம் என்பது ஓர் அட்டவணை. இந்தியாவில் வருமான வரிக் கணக்குகளில் தொழிலுக்குப் பயன்படும் கார்களுக்கு, ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பில் பொதுவாக 15 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கப்படுகிறது. வாகனக் காப்பீட்டில் ஓராண்டுக்கு மேல் இரண்டு ஆண்டுகள் வரை 20 சதவீதம், நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஐந்து ஆண்டுகள் வரை 50 சதவீதம் என்று கழிவு விகிதம் வகுக்கப்பட்டிருக்கிறது. இந்த அட்டவணைகளில் மதிப்பு ஒரே திசையில், சீராக இறங்கிக்கொண்டே போகிறது.

சந்தை அப்படி நடந்துகொள்வதில்லை. சாதாரணக் குடும்பக் காரின் விலை இறங்கி, கடைசியில் பழைய இரும்பு விலையில் முடிகிறது. வேகத்துக்காகவும் ஓட்டும் இன்பத்துக்காகவும் செய்யப்படும் ஸ்போர்ட்ஸ் கார்களின் பாதை வேறு. முதல் சில ஆண்டுகளில் செங்குத்தான சரிவு. பின்னர் பல ஆண்டுகள் நீடிக்கும் தேக்கம். அதற்குப் பிறகு மிகச் சில கார்களுக்கு மட்டும் ஏற்றம். அந்த மூன்றாவது கட்டம்தான் பலரது கனவுக்கு அடிப்படை.

முதல் கட்டச் சரிவுக்குத் தெளிவான விளக்கம் தந்தவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப். பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1970-இல் வெளியானது. அதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் அதனைத் திருப்பி அனுப்பின. பின்னாளில், 2001-இல், மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

அவரது வாதம் எளிமையானது. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர், எல்லா கார்களிலும் ஓரளவு குறை இருக்கும் என்று எண்ணி, சராசரி விலையே தருகிறார். நல்ல காரை வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. அவர் சந்தையிலிருந்து விலகுகிறார். மோசமான கார்களின் பங்கு கூடுகிறது. விலை மேலும் இறங்குகிறது. ஆக, தேய்மானத்தில் ஒரு பகுதி இயந்திரத்தின் தேய்வு; இன்னொரு பகுதி நம்பிக்கையின் தேய்வு.

என் மாணவர் குறிப்பிட்ட காரே இதற்குச் சான்று. 1990-களின் பிற்பகுதி முதல் 2000-களின் நடுப்பகுதி வரை உற்பத்தியான போர்ஷே பாக்ஸ்டர், 911 கார்கள் பலவற்றின் என்ஜினுக்குள் இடைத்தண்டு ஒன்றைத் தாங்கும் சிறிய பேரிங் உண்டு. அது உடைந்தால் என்ஜினே பாழாகிவிடக்கூடும். பெரும்பான்மையான கார்களில் அது உடையவில்லை. ஆனால், எந்தக் காரில் உடையும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது. ஆகவே, பழுதில்லாத கார்களின் விலையும் சேர்ந்தே அடிவாங்கியது. பேரிங்கை மாற்றியதற்கான ரசீது, இடைவெளியில்லாத பராமரிப்புப் பதிவேடு, குறைவான முந்தைய உரிமையாளர்கள் ஆகியவற்றுக்குச் சந்தையில் தனி மதிப்பு கிடைப்பது இதனால்தான். அந்தக் காகிதங்கள் விற்பவரிடம் மட்டும் இருந்த தகவலை வாங்குபவரிடமும் சேர்க்கின்றன.

இரண்டாவது காரணம் பலரும் கவனிக்கத் தவறுவது. காரின் விலை நான்கில் ஒரு பங்காகக் குறையலாம். அதன் பிரேக் தட்டு, கிளட்ச், டயர் ஆகியவற்றின் விலையோ, அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்கின் கூலியோ நான்கில் ஒரு பங்காகக் குறைவதில்லை. 60,000 பவுண்ட் காருக்கு உரிய பராமரிப்புச் செலவு, 15,000 பவுண்டுக்கு வாங்கியவர் தலையிலும் அப்படியே விழுகிறது. கார் முதுமை அடைவதால் கூடவும் செய்கிறது. பழைய காரின் விலை குறைவாக இருப்பதே, வரப்போகும் அந்தச் செலவுகளைச் சந்தை முன்கூட்டியே கழித்துவிட்டதால்தான். மலிவாகத் தெரிவது, செலவின் ஒரு பகுதி விலைச்சீட்டிலிருந்து பணிமனை ரசீதுக்கு இடம் மாறியிருப்பதன் விளைவு.

மாணவரிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். காப்பீடு, சாலை வரி, பராமரிப்பு, டயர், நிறுத்துமிடம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 3,500 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் 17,500. கடனுக்குக் கட்டும் வட்டியோ, கைப்பணமானால் இழக்கும் வட்டியோ, ஆண்டுக்கு 4 சதவீதம் என்றால் 600. ஐந்து ஆண்டுகளில் 3,000. ஆக மொத்தம் 20,500 பவுண்ட். வாங்கிய 15,000-க்கே விற்க முடிந்தாலும், அதாவது தேய்மானமே இல்லையென்றாலும், 20,500 பவுண்ட் செலவாகியிருக்கும். கைப்பிடித்தம் இல்லாமல் வெளியேற வேண்டுமானால் கார் 35,500 பவுண்டுக்கு விலைபோக வேண்டும். அதற்கு அதன் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 19 சதவீதம் கூட்டு விகிதத்தில் ஏற வேண்டும்.

இந்த 19 சதவீதத்தை, உலகமே வியந்து பேசும் வெற்றிக் கதைகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே தயாரிக்கப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ, புதிதில் சுமார் 18,000 டாலருக்கு விற்கப்பட்டது. அவற்றில் ஒன்று 2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் நடந்த ஏலத்தில் 4.84 கோடி டாலருக்கு விலைபோனது. 56 ஆண்டுகளில் இது ஆண்டுக்குச் சுமார் 15 சதவீத உயர்வு.

'மிஸ்டர் பீன்' புகழ் நடிகர் ரோவன் அட்கின்சன் 1997-இல் 5.40 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய மெக்லாரன் எஃப்1 காரை 2015-இல் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார். இடையில் அது இருமுறை விபத்துக்குள்ளானது. இரண்டாவது விபத்துக்குப் பின் பழுதுநீக்கச் செலவு மட்டும் சுமார் 9.10 லட்சம் பவுண்ட், காப்பீட்டு நிறுவனம் ஏற்றது. இங்கே ஆண்டு உயர்வு சுமார் 16 சதவீதம். இரண்டிலும் பராமரிப்பு, காப்பீட்டுச் செலவுகள் கழிக்கப்படவில்லை. உலகின் மிக அரிய கார்களே எட்டாத விகிதத்தை, பல்லாயிரக்கணக்கில் தயாரான ஒரு காரிடம் எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்?

'எது அரிய காராகும் என்று முன்கூட்டியே அறிந்து வாங்கினால்?' என்று கேட்கலாம். அன்று அதை யாரும் அறிந்திருக்கவில்லை என்பதுதான் வரலாறு. மெக்லாரன் எஃப்1 காரை 300 வரை தயாரிக்கத் திட்டமிட்டனர். 1990-களின் மந்தநிலையில் வாங்க ஆள் இல்லாமல் 106-உடன் நின்றது. இன்றைய அருமைக்கு அன்றைய தோல்வியே காரணம். ஃபெராரி 250 ஜிடிஓவும் 1960-களின் இறுதியில், பந்தயத்துக்கு உதவாத பழைய வண்டியாகச் சில ஆயிரம் டாலருக்குக் கைமாறியிருக்கிறது.

மாறாக, எல்லோரும் 'நிச்சயம் ஏறும்' என்று நம்பியதன் கதி என்ன? 1988 ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி மறைந்தபின் அந்நிறுவனக் கார்களின் விலை விண்ணைத் தொட்டது. அதே ஆண்டு ஜாகுவார் எக்ஸ்ஜே220 என்ற காரின் மாதிரி பிரிட்டனில் காட்சிக்கு வந்தது. ஓட்டும் எண்ணமே இல்லாமல், கைமாற்றி லாபம் பார்க்கும் நோக்கில் 50,000 பவுண்ட் முன்பணம் செலுத்தியவர்கள் பலர். 1992-இல் கார் தயாரானபோது, வாக்களிக்கப்பட்ட 12 சிலிண்டர் என்ஜினுக்குப் பதில் 6 சிலிண்டர் என்ஜின் இருந்தது, விலையும் 4.70 லட்சம் பவுண்ட் அளவுக்கு ஏறியிருந்தது. அதற்குள் பொருளாதாரம் மந்தமாகி, கார் சந்தையும் சரிந்துவிட்டது. ஒப்பந்தத்திலிருந்து விடுபட வழி தேடிச் சிலர் நீதிமன்றம் வரை சென்றனர். 350 வரை தயாராகவிருந்த கார், 300-ஐக்கூட எட்டாமல் நின்றது.

விலையேற்றத்துக்குக் காரின் தரம் மட்டுமே காரணமாவதில்லை. சட்டமும் விலையை ஏற்றும். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பத் தயாரிக்கப்படாத வெளிநாட்டுக் கார்களை, 25 ஆண்டுகள் கடந்த பின்னரே அந்நாட்டில் தடையின்றி இறக்குமதி செய்யலாம். 1999 முதல் 2002 வரை ஜப்பானில் தயாரான நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் கார்கள் அந்த வயதை எட்டும் முன்பே விலையேறின. இளமையில் திரையிலும் கணினி விளையாட்டிலும் அவற்றைப் பார்த்து ஏங்கிய தலைமுறை, இன்று சம்பாதிக்கும் தலைமுறையாகியிருப்பதும் ஒரு காரணம். அந்தத் தலைமுறை முதுமையடையும்போது இந்தத் தேவையும் தளரலாம்.

தொழில்நுட்பம் எதிர்த்திசையில் இழுக்கும். 2019-இல் அறிமுகமான மின்சார போர்ஷே டைகானின் மறுவிற்பனை விலை, அதே நிறுவனத்தின் பெட்ரோல் 911 காரைக் காட்டிலும் வேகமாகச் சரிந்திருக்கிறது. புதிய பேட்டரி ஒவ்வொன்றும் பழையதைக் காலாவதியாக்குகிறது.

பிரிட்டனின் வரிச் சட்டம் இதில் ஓர் உண்மையை உணர்த்துகிறது. சொந்தப் பயன்பாட்டுக் காரை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு அங்கே மூலதன ஆதாய வரி இல்லை. இதைச் சலுகை என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். ஆனால், நட்டம் வந்தால் அதைப் பிற ஆதாயங்களில் கழித்துக்கொள்ளவும் முடியாது. கார்களில் லாபத்தைவிட நட்டமே பெரும்பாலும் நேரும் என்பது வரித் துறைக்குத் தெரியும்.

அப்படியானால் இத்தகைய கார்களை வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். செங்குத்தான சரிவின் பெரும்பகுதியை முதல் உரிமையாளர் ஏற்றுவிட்ட பிறகு வாங்குவது அறிவுடைமைதான். ஆனால், மூன்று நிபந்தனைகள் உண்டு. விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் காரைக் காட்டி, எழுத்துமூலம் அறிக்கை பெற வேண்டும். வாங்கும் விலையுடன், எதிர்பாராத பெரும் பழுதுக்கான தொகையும் கையில் இருக்க வேண்டும். விற்கும்போது கிடைக்கும் பணத்தை நம்பி எந்தக் கடனும் வாங்கக் கூடாது.

ஐந்து ஆண்டுகளில் 20,500 பவுண்ட் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 340 பவுண்ட். ஞாயிறுதோறும் அந்தக் காரை ஓட்டும் மகிழ்ச்சிக்கு அந்தத் தொகை தகுமா என்பதே கேள்வி. தகும் என்று ஒருவர் முடிவு செய்தால், பொருளாதாரம் அதில் குறை காணாது. அது அவரது நுகர்வு, அவரது விருப்பம். அதனை முதலீடு என்று பெயர் மாற்றிக் கடன் பத்திரத்தில் கையொப்பமிடும்போதுதான் தவறு தொடங்குகிறது.

மாணவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "கடன் வேண்டாம், சார். சேமித்து வாங்க முடிந்தால் பார்க்கிறேன்" என்றார். சேமித்து முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் அவரது ஆசை தணியலாம், தணியாமலும் போகலாம். எப்படியாயினும், அப்போது அவர் எடுக்கும் முடிவு இன்றைய முடிவைவிடத் தெளிவானதாக இருக்கும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).