கியாலகெகுவா குடாவின் வெள்ளைத் தூண்

ஹவாய்த் தீவின் மேற்குக் கரையில் கியாலகெகுவா என்றொரு குடா உளது. வழிகாட்டிகள் பயணிகளைப் படகில் அழைத்துவந்து, முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிவித்துப் பவளப்பாறைகளின்மேல் மிதக்க விடுவர். கீழே மஞ்சள் மீன்கள் கூட்டங்கூட்டமாய் மேயும். தலையை நிமிர்த்தினாலோ, கரையில் வெள்ளைத் தூண் ஒன்று தெரியும்.

கேப்டன் ஜேம்ஸ் குக் 1779 பிப்ரவரி 14இல் மாண்ட இடம் அதனருகேதான். முந்திய மாதம் அவர் வந்தபோது மக்கள் பெருஞ்சிறப்புடன் வரவேற்றனர். விடைபெற்றுச் சென்ற கப்பல், பாய்மரம் பழுதுற்றுத் திரும்பியது. இம்முறை அவ்வரவேற்பு இல்லை. கப்பலின் படகொன்று களவு போயிற்று. அதை மீட்பதற்காக அரசர் கலனியோபுவைப் பிணையாகக் கொண்டுசெல்லக் குக் துணிந்தார். தம் அரசர்மீது கைவைத்தால் எம்மக்கள்தாம் பொறுப்பர்? கரையில் மூண்ட சண்டையில் குக்கும் அவருடைய வீரர் நால்வரும் வீழ்ந்தனர். ஹவாய் மக்களும் பலர் மடிந்தனர். அவர்களைப் பற்றித் தூணில் ஒரு சொல்லும் இல்லை.

தூணை 1874இல் எழுப்பியோர் குக்கின் நாட்டவர். இத்தீவுகளை 1778இல் அவர் கண்டுபிடித்தார் என்று பொறித்துள்ளனர். அரசரும் கோயிலும் உள்ள நாட்டைக் கண்டுபிடிப்பதாவது! ‘வந்தடைந்தார்’ என்பதே பொருந்தும் சொல். வகுப்பறையில் நாமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அக்காலத்து ஹிகியாவு கோயிலின் கல்மேடை குடாவின் மறுகரையில் இன்றும் உளது. குடாவின் மீனும் பவளமும் 1969 முதல் சட்டக் காப்பில் இருந்து வருகின்றன.