சீருடையும் தொட்டிலும்: ஒரு விதியின் வரலாறு

மண உறவில் இல்லாத ஒருவர், பதினெட்டு வயது நிரம்பாத குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருந்தால், அமெரிக்கப் படையில் சேரத் தகுதியற்றவர். அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2015இல் வெளியிட்ட சேர்க்கை விதி இவ்வாறு கூறுகிறது. சிறப்பு விலக்குக்கு மட்டும் இடமளிக்கிறது. ஆனால் பணியில் சேர்ந்தபின் மணமுறிவாலோ துணையின் மரணத்தாலோ தனியாகிவிட்ட பெற்றோர் படையை விட்டு வெளியேற வேண்டியதில்லை. வாசலில் தடுக்கப்படுபவர் உள்ளே ஏற்கப்படுகிறார். இம்முரணின் வேரைத் தேடி நாம் சற்றே பின்னோக்கிச் செல்லலாம்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்குப் படையில் நிரந்தர இடம் தந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1951 ஏப்ரலில், ஜனாதிபதி ட்ரூமன் பிறப்பித்த 10240ஆம் எண் ஆணை அவ்விடத்திற்கு ஒரு நிபந்தனை விதித்தது. கருவுற்றாலும், குழந்தையைத் தத்தெடுத்தாலும், கணவனின் முந்தைய மணத்துக் குழந்தை ஆண்டில் முப்பது நாள் தன் வீட்டில் தங்கினாலும்கூட ஒரு பெண்ணைப் பணிநீக்கம் செய்யலாம். ஆணுக்கு இவ்வாறான விதி இல்லை. தந்தைமையை அரசு அறியாமலில்லை. இரண்டாம் உலகப் போரின்போது 1943 இறுதிவரை தந்தையர் பலருக்குக் கட்டாயப் படைச் சேர்க்கையிலிருந்து விலக்குக் கிடைத்திருந்தது. குழந்தை ஆணுக்குச் சலுகைக்குக் காரணமாயிற்று; பெண்ணுக்கோ பணிநீக்கத்திற்குக் காரணமாயிற்று.

இவ்வாணையை எதிர்த்து நின்றவர்களுள் சூசன் ஸ்ட்ரக் நம் கவனத்திற்குரியவர். விமானப்படைச் செவிலியரான இவர் 1970இல் வியட்நாமில் பணியாற்றுகையில் கருவுற்றார். அக்காலத்தில் படை மருத்துவமனைகளிலேயே கருக்கலைப்புக்கு வழியிருந்தது; கலைத்துவிட்டால் பணி நிலைக்கும். கத்தோலிக்கரான அவர் அதற்கு உடன்படவில்லை. சேமித்திருந்த விடுப்பில் பிள்ளையைப் பெற்று, தத்துக் கொடுத்தார். ஆயினும் பணிநீக்க ஆணை விலகவில்லை. அவருக்காக வழக்காடியவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க். 1972இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்றதும், விமானப்படை தன் ஆணையை விலக்கிக்கொண்டது; வழக்கு தீர்ப்பின்றி முடிந்தது. ஸ்ட்ரக்கின் வேலை மிஞ்சியது. விதி அப்படியே நின்றது.

1973இல் கட்டாயச் சேர்க்கை முடிவுக்கு வந்தது. தன்னார்வலரை நம்பிய படைக்குப் பெண்கள் தேவைப்பட்டனர். 1975இல் கருவுற்றோரைக் கட்டாயமாக நீக்கும் கொள்கையைப் பாதுகாப்புத் துறை கைவிட்டது. மறு ஆண்டு, கடற்படை வீரர் பிரிவிலிருந்து நீக்கப்பட்ட ஸ்டெஃபனி கிராஃபர்டின் வழக்கில், அவ்விதி அரசியல் சட்டத்திற்கு முரணானது என மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வாறு பணியிலிருப்போரின் உரிமை நிலைபெற்றது. புதிதாக வருவோருக்கோ கதவு மூடியே இருந்தது. இந்த வேறுபாட்டில் நிர்வாகத்தின் கணக்கு ஒன்று இருப்பதை நாம் காணலாம்: பயிற்றுவித்த வீரரை இழப்பது நட்டம், இன்னும் சேராதவரை மறுப்பதில் செலவு ஏதுமில்லை.

1991 வளைகுடாப் போர் இச்சிக்கலை நாடறியச் செய்தது. அப்போரில் 16,000க்கும் மேற்பட்ட தனிப் பெற்றோர் களத்திற்கு அனுப்பப்பட்டனர். அதன்பின், பெற்றோர் இல்லாதபோது குழந்தையைக் காப்பவர் யார் என்பதை எழுத்தில் தரும் குடும்பப் பராமரிப்புத் திட்டம் 1992இல் படைகள் அனைத்திற்கும் பொதுவாயிற்று.

காகிதத்தில் எழுதிய பாட்டி களைத்துப்போனால்? 2009 நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் தரைப்படைச் சமையல் பணியாளரான இளம் தாய் ஒருவர் ஆப்கானிஸ்தானுக்குப் புறப்பட மறுத்துக் கைதானார். ஒரு வயதும் நிரம்பாத குழந்தையைத் தன்னால் பார்த்துக்கொள்ள இயலாதென்று அவருடைய தாயார் சொல்லிவிட்டார். 2010 பிப்ரவரியில் இராணுவ நீதிமன்ற விசாரணையின்றி அப்பெண் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

வாசலில் நின்றவர்களின் நிலை இன்னும் கடினம். நீதிமன்றத்தின் வழியே குழந்தையைப் பிறர் பொறுப்பில் ஒப்படைத்து, முதல் பணிக்காலம் முடியும்வரை மீட்டுக்கொள்ளும் எண்ணமில்லை என்று கையொப்பமிட்டால் தரைப்படையில் சேரலாம் என்ற வழி நெடுங்காலம் இருந்துவந்தது. குழந்தைக்குச் சோறும் மருத்துவமும் கிடைக்கவே பலர் படைச் சம்பளத்தை நாடுகின்றனர். அதைப் பெற அக்குழந்தையையே விட்டுத்தர வேண்டியிருந்தது.

போர் மூளும் நாளில் குழந்தை தனித்துவிடக் கூடாது என்ற அக்கறையை நாம் மறுக்க இயலாது. ஆயினும், கணவனோ மனைவியோ உடனிருப்பதை மட்டுமே பாதுகாப்பாகக் கொண்டு, தாத்தா பாட்டியையும் உடன்பிறந்தாரையும் வாசலில் கணக்கில் கொள்ளாத விதி, குழந்தையைக் காக்கிறதா, படையின் வசதியைக் காக்கிறதா என்ற ஐயம் நமக்கு எஞ்சியே நிற்கிறது.