அழகா, அவசியமா?

மனிதன் தன் உடலைப் பழுது பார்த்துக்கொள்ளும் கலை மிகப் பழையது. அந்தச் செலவைப் பலர் கூடிப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடோ மிகப் புதியது. இன்ஷூரன்ஸ் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் காப்பீடு இந்தப் புதிய ஏற்பாட்டின் பெயர். பலர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைக்கிறார்கள். அவர்களுள் நோயுற்றவர் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார். பொதுப் பணத்தில் கை வைப்பவரை, "எதற்காக எடுக்கிறீர்?" என்று கேட்கும் உரிமை மற்றவர்களுக்கு உண்டு. காய்ச்சலுக்கு என்றால் எவரும் தடை சொல்வதில்லை. கால் முறிவுக்கு என்றாலும் அப்படியே. ஆனால் உடலின் வடிவைத் திருத்திக்கொள்ளவேண்டும் என்று ஒருவர் சொன்னால், உடனே ஒரு கேள்வி எழுகிறது: இது அழகா, அவசியமா?

இந்தக் கேள்வி வெறும் வாதம் அன்று. நூற்றைம்பது கிலோ எடையுள்ள ஒருவரை எண்ணிப் பாருங்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் மூட்டு வலியும் அவரை வாட்டுகின்றன. மருத்துவர்கள் அவருடைய இரைப்பையைச் சுருக்கி அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். இரண்டே ஆண்டுகளில் அறுபது, எழுபது கிலோ குறைந்துவிடுகிறது. நோய்கள் தணிகின்றன. ஆனால் கொழுப்புக் கரைந்த வேகத்தில் தோல் சுருங்குவதில்லை. காற்றுப் போன பைபோல அது வயிற்றிலும் தொடையிலும் கைகளிலும் தொங்குகிறது. மடிப்புகளுக்குள் வேர்வை தேங்கிப் புண்ணாகிறது, நடக்கும்போது உரசுகிறது, எந்த உடையும் பொருந்துவதில்லை. அந்தத் தோலை வெட்டி நீக்கி உடலைச் சீர்ப்படுத்தும் அறுவை ஒன்று உண்டு. இரைப்பையைச் சுருக்கப் பணம் கொடுத்த அதே காப்பீட்டு நிறுவனம், தோலை நீக்கக் கேட்டால், பெரும்பாலும் கைவிரித்துவிடுகிறது. முதல் அறுவை மருத்துவமாம்; இரண்டாவது அலங்காரமாம்! இந்தக் கோட்டை யார் கிழித்தார்கள்? எப்போது கிழித்தார்கள்? அதைச் சற்று வரலாற்றில் தேடிப் பார்ப்போம்.

உடல் வடிவைத் திருத்தும் கலைக்குத் தாயகங்களுள் ஒன்று நம் பாரத நாடு. அறுபட்ட மூக்கை உடலின் தோலையே கொண்டு மீண்டும் அமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. நூலில் இருந்த கலை மக்களின் கையிலும் வாழ்ந்தது என்பதற்குச் சான்று 1794-ஆம் ஆண்டில் கிடைத்தது. லண்டனிலிருந்து வெளிவந்த 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' என்னும் பத்திரிகை அவ்வாண்டு அக்டோபரில் ஒரு கடிதத்தை வெளியிட்டது. ஆங்கிலேயர் படையில் மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் 1792-ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டுக்கு மேல் மூக்கின்றி வாழ்ந்த அவருக்கு, பூனாவின் அருகே செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை எடுத்துப் புது மூக்கு அமைத்தார். அக்கடிதத்தைப் படித்த கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர், பல ஆண்டுகள் ஆராய்ந்து 1814-இல் லண்டனில் அதே முறையைச் செய்து காட்டினார்.

மூக்கறுபட்டவர் மூச்சு விட முடியாமல் இறந்துவிடுவதில்லை. அவர் இழப்பது மானம். 'மூக்கறுபட்டான்' என்றால் அவமானப்பட்டான் என்றுதானே நம் மொழியில் இன்றும் பொருள்! ஆகவே பூனாவில் நடந்த அறுவையை அழகு என்பதா, அவசியம் என்பதா? அங்கே இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் தேவை, செலவைப் பிறர் ஏற்கத் தொடங்கிய பிறகே வந்தது.

அது தொடங்கிய இடம் ஜெர்மனி. 1883-ஆம் ஆண்டில் பிஸ்மார்க்கின் அரசு தொழிலாளர்களுக்குக் கட்டாய நோய்க் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சந்தாவில் மூன்றில் இரு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் செலுத்தினர். மருத்துவமும் மருந்தும் கிடைத்தன; வேலை செய்ய இயலாத நாட்களுக்குப் பதின்மூன்று வாரம் வரை பாதிக் கூலியும் கிடைத்தது. உலகம் போற்றிய ஏற்பாடு அது. ஆனால் அதனுள் ஓர் அளவுகோல் ஒளிந்திருந்தது. தொழிலாளி மீண்டும் ஆலைக்குப் போகவேண்டும் என்பதே அதன் நோக்கம். எனவே உடல் என்றால் உழைக்கும் கருவி. நோய் என்றால் அக்கருவியின் பழுது. கருவி ஓடுகிறதா, இல்லையா என்பதே கேள்வி. அதன் தோற்றத்தைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

இந்த அளவுகோல் போதாது என்பதை முதல் உலகப் போர் காட்டியது. பதுங்கு குழியில் நின்று போரிட்டவன் தலையை உயர்த்தினால் குண்டு முகத்தில் பாய்ந்தது. தாடையும் மூக்கும் கன்னமும் சிதைந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினர். நியூஜிலாந்தில் பிறந்த ஹெரால்டு கில்லீஸ் என்ற மருத்துவரின் முயற்சியால் 1917-இல் இங்கிலாந்தின் சிட்கப் என்ற ஊரில் இவர்களுக்கெனத் தனி மருத்துவமனை ஏற்பட்டது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களுக்கு அங்கே பதினோராயிரத்துக்கு மேற்பட்ட அறுவைகள் நடந்தன. மருத்துவமனையிலிருந்து ஊருக்குச் செல்லும் சாலையில் சில இருக்கைகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தார்கள். அவற்றில் முகம் சிதைந்த வீரர்கள் அமர்வார்கள் என்று ஊராருக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் அடையாளம் அது. கண்ணும் காதும் கைகாலும் சரியாக உள்ளவன். ஆனால் அவன் எதிரே வந்தால் மற்றவர்கள் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். இவனுக்கு நேர்ந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

பிரிட்டிஷ் அரசு ஒரு விடை கண்டது. போரில் ஊனமுற்றோர்க்கு அது வகுத்த ஓய்வூதியப் பட்டியலில், மிகக் கடுமையான முகச் சிதைவுக்கு முழு ஓய்வூதியம் அளித்தது. முகம் சிதைந்தவன் வேலை செய்ய முடியுமா என்று கணக்குப் பார்க்கவில்லை. மனிதர் நடுவே மனிதனாக வாழ இயலாமையே பெரிய ஊனம் என்று ஓர் அரசாங்கம் ஏட்டில் எழுதி ஒப்புக்கொண்டது. தோற்றத்துக்குப் பொதுப் பணம் என்ற கதையில் இது முக்கியமான திருப்பம் ஆகும்.

இரண்டாம் உலகப் போரில் இந்த எண்ணம் மேலும் வளர்ந்தது. விமானம் தீப்பற்றி முகமும் கைகளும் வெந்த விமானிகளுக்கு, கில்லீஸின் உறவினரான ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ, ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊரில் சிகிச்சை அளித்தார். புதுமுறைகளைத் தம்மீது சோதித்துப் பார்க்கிறார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு, அந்த விமானிகள் 1941-இல் 'கினிப்பன்றிகள் சங்கம்' ஒன்றை அமைத்தனர். போர் முடிவில் அதில் 649 பேர் இருந்தனர். மக்கிண்டோ அவர்களை மருத்துவமனைச் சுவருக்குள் ஒளித்து வைக்கவில்லை. ஊருக்குள் அனுப்பினார், ஊராரையும் அவர்களை ஏறிட்டுப் பார்க்கப் பழக்கினார்.

போர்கள் ஓய்ந்ததும் அதே கத்தி வேறு வாசலில் நுழைந்தது. வீரனின் மூக்கைச் சீராக்கிய கையே செல்வரின் மூக்கையும் செதுக்கியது. கில்லீஸே இருவகை அறுவையும் செய்தவர்தான். அறுவை ஒன்று, ஆனால் ஒருவருக்கு அரசு கொடுத்தது, மற்றவர் தாமே கொடுத்தார். கோடு இங்கேதான் விழுந்தது. கத்தியில் வேற்றுமை இல்லை. காயத்தின் பிறப்பில்தான் வேற்றுமை.

அந்தக் கோட்டைச் சட்டமாக எழுதிய நாடு அமெரிக்கா. முதியோர்க்கான 'மெடிகேர்' மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் ஜான்சன் 1965 ஜூலை 30 அன்று கையெழுத்திட்டார். அழகுக்கான அறுவைக்குப் பணம் இல்லை என்று அச்சட்டம் ஒதுக்கியது. இரண்டே விலக்குகள் வைத்தது: விபத்தில் ஏற்பட்ட காயத்தை உடனே சரிசெய்வது ஒன்று, உருக்கோணிய உறுப்பின் இயக்கத்தைச் சீராக்குவது மற்றொன்று. தனியார் நிறுவனங்களின் பத்திரங்களிலும் இதே போக்கு நிலைத்தது. பிஸ்மார்க் காலத்து அளவுகோல் புது உடை உடுத்து மீண்டும் வந்தது.

இதற்கிடையே பருத்த உடலைப் பற்றிய மருத்துவமும் வளர்ந்துவந்தது. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹோவார்ட் கெல்லி என்பவர் 1899-ஆம் ஆண்டிலேயே ஒரு பெண்மணியின் வயிற்றில் தொங்கிய சுமார் 7 கிலோ தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுத்தார். 1966-இல் அயோவாப் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன், உணவு இரைப்பையின் பெரும்பகுதியைத் தொடாமல் குடலுக்குச் செல்லும்படி வழிமாற்றி எடை குறைக்கும் அறுவையைத் தொடங்கிவைத்தார். கிலோக் கணக்கில் எடையை, மீட்டர்க் கணக்கில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 40-க்கு மேல் இருந்தால், அல்லது கடும் நோய்களோடு 35-க்கு மேல் இருந்தால் இவ்வறுவை தகும் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தின் அறிஞர் குழு 1991-இல் கருத்துரைத்தது. 2006-இல் மெடிகேர் இதை நாடு முழுவதற்கும் ஏற்றுக்கொண்டது. பருமன் நோயாயிற்று, ஆனால் அந்நோய் தீர்ந்தபின் எஞ்சிய தோல் நோயின் கணக்கில் ஏறவில்லை.

எனினும் கோடு அசையாதது அன்று. 1998-இல் அமெரிக்கா மற்றொரு சட்டம் இயற்றியது. புற்றுநோயால் மார்பகத்தை நீக்கும் அறுவைக்குக் காப்பீடு உண்டெனில், அதை மீண்டும் அமைப்பதற்கும் பணம் தரவேண்டும். இரு புறமும் ஒத்திருக்க, நோயற்ற மறு மார்பகத்தைத் திருத்தினாலும் தரவேண்டும் என்றது அச்சட்டம். விபத்துமில்லை, இயக்கக் குறையுமில்லை; ஆடையால் மறைந்த உறுப்பு வேறு. ஆயினும் அப்பெண்ணுக்கு அது உரியது என்று சமுதாயம் ஒப்பியது. ஒப்பியதும் அழகு அவசியம் ஆயிற்று.

அந்த ஒப்புதல் தொங்கும் தோலுக்கு இன்னும் முழுதாகக் கிட்டவில்லை. அமெரிக்க நிறுவனங்கள் பொதுவாக இரண்டு அறுவைகளைப் பிரித்துப் பேசுகின்றன. வயிற்றில் தொங்கும் தோலை மட்டும் வெட்டுவது ஒன்று. தசையையும் இழுத்துத் தைத்து வயிற்றை வடிவாக்குவது மற்றொன்று. முன்னதற்கு, தோல் இடுப்பெலும்பின் அடிவரை தொங்கவேண்டும், மாதக்கணக்கில் மருந்திட்டும் புண் ஆறாமல் இருக்கவேண்டும், எடை சில மாதங்களாவது நிலைத்திருக்கவேண்டும் என்ற நிபந்தனைகளோடு பணம் கிடைப்பதுண்டு. பின்னதற்குக் கிடைப்பது அரிது. கைக்கும் தொடைக்கும் அப்படியே. இதனால் ஒரு விந்தை விளைகிறது. வேதனையை வெளியே சொல்லாமல், தானே கழுவித் துடைத்து மறைத்துக்கொண்டவரிடம் சான்று இல்லை; ஒவ்வொரு புண்ணுக்கும் மருத்துவரிடம் சென்று குறிப்பு எழுதி வாங்கியவரிடம் சான்று உண்டு. கூச்சப்பட்டவர் தோற்கிறார்!

காப்பீட்டின் தாயகமான ஜெர்மனியில், உருக்குலைவு என்று ஏற்பதற்கு ஒரு சோதனை இருந்தது. வழியில் போகிறவர் ஒரு கணம் பார்த்தாலே கண்ணில் படவேண்டும். ஆடைக்குள் இருப்பது கணக்கில் சேராது. எடை இழந்தபின் தொங்கிய தோலைப் பற்றிய வழக்கொன்றில், 2022-இல், அந்நாட்டின் கூட்டரசுச் சமூக நீதிமன்றம் இச்சோதனையைத் தளர்த்தியது. ஆடை மறைக்கும் உறுப்புகளிலும் மிக அரிய, மிகக் கடுமையான நிலையில் உருக்குலைவு இருக்கக்கூடும் என்றது. கதவு திறந்துவிடவில்லை, ஆனால் தாழ் சற்றே நெகிழ்ந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். தனி மனிதர்க்கான 'மெடிகிளெய்ம்' காப்பீடு 1986-இல் தொடங்கியது. எவற்றுக்குப் பணம் இல்லை என்பதை எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் எழுதவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2019-இல் நெறி வகுத்தது. எடை குறைக்கும் அறுவையை முன்சொன்ன 40, 35 என்ற எண்களோடு நிபந்தனையின்மேல் அது ஏற்றது. தோற்றத்தை மாற்றும் அறுவைக்கோ நான்கு வாயில்களே வைத்தது: விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்திய சீரமைப்பு மூன்று, நேரடியான, உடனடியான உடல்நலக் கேட்டை நீக்கத் தேவை என்று மருத்துவர் சான்றளிப்பது நான்காவது. எடை இழந்தவரின் பெயர் இப்பட்டியலில் இல்லை. அவர் நான்காம் வாயிலில்தான் நிற்கவேண்டும். ஆறாத புண்ணுக்கும் நடை இடையூறுக்கும் எழுத்திலான மருத்துவக் குறிப்புகளே அங்கே அவருக்குத் துணை. அறுவைக்கு முன்பே நிறுவனத்தின் எழுத்து மூலமான சம்மதத்தைக் கேட்பதும் நன்று.

காப்பீட்டாரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. விரும்பியவர்க்கெல்லாம் வடிவு திருத்தப் பொதுப் பணம் கொடுத்தால், சந்தா ஏறும். ஏறிய சந்தாவைக் கட்ட முடியாத ஏழை காப்பீட்டையே இழப்பான். ஆகவே கோடு ஒன்று வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோடு இயற்கை வகுத்தது அன்று, மனிதர் வகுத்தது. முகம் சிதைந்த வீரனுக்காக ஒருமுறை நகர்ந்தது. மார்பகம் இழந்த பெண்ணுக்காக மறுமுறை நகர்ந்தது. இரண்டு முறையும், இவருக்கு நாம் கடமைப்பட்டவர்கள் என்று முதலில் சமுதாயம் உணர்ந்தது. பிறகே சட்டம் மாறியது. பருத்தவர் தம் நிலையைத் தாமே தேடிக்கொண்டார் என்ற ஏளனம் நம்மிடையே உள்ளவரை, அவருடைய தோலின் புண் நமக்கு அலங்காரக் குறையாகவே தோன்றும். அந்த ஏளனம் நீங்குமானால், நோயிலிருந்து மீண்டு வந்தவரைப் பாதி வழியில் விடுவது முறையாகாது என்பது காப்பீட்டுப் பத்திரங்களிலும் இடம்பெறும்.